கொசுத்தேனீப் பெட்டி வாங்குமுன்: மூங்கில், சட்டி, நீளப்பெட்டி, மூன்றடுக்கு

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். நம் வீட்டுச் சுவர் ஓட்டையிலும் கரண்டு மீட்டர் பெட்டியிலும் கூடு வைக்கும் கொசுத்தேனீக்கு, நீளவாக்கில் திறக்கும் ஒடுக்கமான மரப்பெட்டிதான் காசு கொடுத்து வாங்கத் தகுந்தது. காசு இல்லை, தோட்டத்தில் மூங்கில் நிற்கிறது என்றால் மூங்கில் போதும். இணையக் கடைகளில் வார்னிஷ் மினுங்கப் படம் பிடித்துப் போட்டிருக்கும் சதுர மூன்றடுக்குப் பெட்டி வேண்டாம். அது மோசமான பெட்டி இல்லை. வேறொரு தேனீயின் பெட்டி.

விற்பவர்கள் எல்லாவற்றையும் "கொடுக்கில்லாத் தேனீ" என்ற ஒரே பெயரில் அடக்கிவிடுவதால் வரும் குழப்பம் இது. அந்தப் பெயருக்குள் உலகம் முழுக்க 500-க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. நம்முடையது டெட்ராகோனுலா இரிடிபெனிஸ்; 1854-இல் இலங்கையிலிருந்து கிடைத்த மாதிரியை வைத்துப் பெயரிடப்பட்டது. உடம்பு 4 மி.மீ. கூட வராது. இதே கூட்டத்தைச் சேர்ந்த பிரேசிலின் மெலிபோனா இனங்கள் சில, பெட்டியில் வளர்க்கும் நம் அடுக்குத் தேனீ அளவுக்குப் பருத்தவை. உடம்பு மட்டுமல்ல, கூடு கட்டும் முறையும் வேறு. கொடுக்கில்லாத் தேனீக்களில் மரப்பொந்தில் வாழ்பவை உண்டு, மண்ணுக்கடியில் வாழ்பவை உண்டு, கரையான் புற்றுக்குள் குடியேறுபவையும் உண்டு. டிரைகோனா ஸ்பினிபெஸ் போன்றவை கிளையில் வெட்டவெளியிலேயே பெரிய உருண்டையாகக் கட்டிவிடும். ஒவ்வொன்றும் தன் இடத்துக்கேற்ப நெடுங்காலமாக மாறி வந்த கட்டுமானம். நியூ ஜெர்சியில் கிடைத்த அம்பர் கட்டிக்குள், அதாவது இறுகிக் கல்லான மரப்பிசினுக்குள், சிக்கிய கொடுக்கில்லாத் தேனீ ஒன்றின் வயது ஏறத்தாழ ஆறரைக் கோடி ஆண்டு என்கிறார்கள். பிசின் பொறுக்கும் பூச்சி பிசினிலேயே மாட்டிக்கொண்டு நமக்குச் சாட்சியானது. பெட்டி செய்யும் தச்சர் இவ்வளவு நீண்ட பழக்கத்தோடு மல்லுக்கட்ட முடியாது. அதற்கு இடம் கொடுக்கத்தான் முடியும்.

ஆகவே பெட்டியைப் பார்ப்பதற்கு முன் கூட்டைப் பார்த்துவிடுவோம்.

பிளந்த மூங்கிலில் உள்ள ஒரு நல்ல குடும்பத்தைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது நிறம்தான். அடுக்குத் தேனீயின் வெள்ளை மெழுகு இங்கே கிடையாது. எல்லாமே கரும்பழுப்பு. வயிற்றில் சுரக்கும் மெழுகோடு பலா, மா போன்ற மரங்களில் பொறுக்கிய பிசினைக் குழைத்துச் செய்த கலவை அது; கிராமத்தில் அரக்கு என்றே சொல்வார்கள். விரலில் ஒட்டினால் சோப்புக்குப் போகாது, தேங்காய் எண்ணெய் வேண்டும். புழு வளரும் அறைகள், தேனும் மகரந்தமும் சேர்த்துவைக்கும் குடங்கள், வாசல் குழாய் எல்லாம் இதுதான். பொந்தின் ஓரங்களையும் வெடிப்புகளையும் அடைக்கப் பிசின் தூக்கலாகவும் சில நேரம் மண்ணும் கலந்த கெட்டிப் பூச்சு. கொடுக்கு சூம்பிப்போன பூச்சிக்கு இந்தப் பிசின்தான் ஆயுதம். வாசலுக்கு வரும் எறும்பின் மேல் ஒட்டுப் பிசினை அப்பி நகரவிடாமல் செய்துவிடும். பிசின் பைத்தியம் எந்த அளவுக்கு என்றால், காயாத பெயின்ட்டைக்கூட வழித்துக்கொண்டு போகும்.

அடுத்தது புழுவறை. அடுக்குத் தேனீ ஒரே அறையைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும். புழுவுக்கு நாள் முழுக்க ஊட்டும். கொசுத்தேனீ அப்படி இல்லை. மிளகைவிடச் சிறிதாக ஓர் அறை கட்டி, அதில் புழு வளர்ந்து முடிக்கத் தேவையான கூழ் முழுவதையும் ஒரே தடவையில் ஊற்றி, அதன் மேல் ராணி ஒரு முட்டையை நிற்கவைத்ததும் வாயை மூடிவிடும். பிறகு திறப்பதே இல்லை. புழு கூட்டுப்புழுவாகிப் பட்டு நூற்றதும் பணித்தேனீக்கள் வெளி அரக்கைச் சுரண்டி எடுத்து வேறு அறைக்குப் பயன்படுத்திக்கொள்ளும். அதனால்தான் இளம் அறைகள் கரும்பழுப்பாகவும் முதிர்ந்தவை வெளிர்மஞ்சளாகவும் தெரிகின்றன. ஒரு குடும்பத்தை இரண்டு பெட்டியாகப் பிரிப்பவருக்கு இந்த நிற வித்தியாசம் மிக முக்கியம், பின்னால் வருகிறேன். தேனீ வெளிவந்ததும் அறை உடைக்கப்படும். அந்த இடம் காலியாகும், புது அறைகள் வேறு பக்கம் முளைக்கும். ஆக, புழுப்பகுதி ஒரே இடத்தில் நிற்பதில்லை. கூட்டுக்குள் மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்கிறது.

இந்த அறைகளை அடுக்கும் விதத்தில்தான் இனங்கள் பிரிகின்றன. மெலிபோனா, தோசைகளை இடைவெளி விட்டு ஒன்றன்மேல் ஒன்றாக வைத்ததுபோல் கிடைமட்டத் தட்டுகளாகக் கட்டும். ஆஸ்திரேலியாவின் டெட்ராகோனுலா கார்பொனேரியா, முறுக்குப் போலச் சுருண்டேறும் ஒரே சுழல் தட்டாகக் கட்டும். படிகம் வளர்வதை விளக்கும் அதே கணக்கால் இந்தச் சுழலையும் விளக்கலாம் என்று 2020-இல் காட்டினார்கள். ஆப்பிரிக்காவின் டாக்டிலூரினா மட்டும் அடுக்குத் தேனீயைப் போலச் செங்குத்தாகத் தொங்கும், இருபுறமும் அறை கொண்ட அடை கட்டும். இந்தக் கூட்டத்தில் அது தனி வழி. நம் கொசுத்தேனீ எந்தத் தட்டும் கட்டுவதில்லை. திராட்சைக் கொத்து மாதிரி உருண்டை அறைகள், இடையிடையே சின்ன அரக்குத் தூண்கள், அவ்வளவுதான். பார்க்க ஒழுங்கில்லாததுபோல் இருக்கும். ஆனால் ஒழுங்கான தட்டுக்கு அகலமான இடம் வேண்டும், கொத்துக்கு வேண்டாம். சுவர் இடுக்கு, பைப், பூட்டுத் துளை என எதிலும் வளைந்து நெளிந்து நிரப்பிவிடும். ஊருக்குள் இந்தத் தேனீ இவ்வளவு தாராளமாகப் பிழைத்துக்கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி பெட்டிகளுக்கு வருவோம்.

மூன்றடுக்குச் சதுரப் பெட்டி

இதன் மூதாதை பிரேசிலில் மனாஸ் நகரத்து அமேசான் ஆய்வு நிறுவனத்தின் பெயரால் "இன்பா பெட்டி" என்று அறியப்படுவது. பெயர் நமக்கு இனிக்கிறது, சரிதான். கீழே ஒரு அடுக்கு, நடுவில் ஒன்று, மேலே தேனடுக்கு. மெலிபோனாவுக்கு இது அபாரமான யோசனை. தட்டுகள் கிடைமட்டமாக இருப்பதால் இரண்டு அடுக்குகளுக்கு இடையே கத்தியை விட்டுத் தூக்கினால் சில தட்டுகள் கீழே, சில மேலே என்று அநேகமாகச் சேதமில்லாமல் பிரியும். இரண்டுக்கும் ஒரு காலி அடுக்கு வைத்தால் இரண்டு குடும்பம். தேனடுக்கின் தரையில் ஓரங்களில் மட்டும் வழி விட்டிருப்பதால் புழுத்தட்டு மேலே ஏறாது, தேன் மட்டும் போகும்.

அதே பெட்டியைக் கொசுத்தேனீக்கு வைத்தால் நடப்பது வேறு. கொத்துக்குக் கிடைமட்ட இடைவெளி என்ற ஒன்றே இல்லை. இரண்டு அடுக்கின் பொருத்துக்கோட்டைத் தாண்டி மேலும் கீழும் ஒட்டிக்கொண்டு வளரும். அடுக்கைத் தூக்கினால் கோட்டில் இருக்கும் அறைகள் கிழியும், கூழ் வழியும், அந்த வாசனைக்கு ஈயும் எறும்பும் அதே நாளில் வந்துவிடும். உள்ளளவு 15×15 செ.மீ., உயரம் 7 செ.மீ. என்று வைத்தால் ஓர் அடுக்கே 1575 கன செ.மீ.; மூன்றும் சேர்ந்து 4.7 லிட்டர். கொசுத்தேனீக் குடும்பத்துக்கு 2 லிட்டர் தாராளம். மீதி இடத்தை அது என்ன செய்யும்? பிசின் சுவர் எழுப்பி அடைத்துவிடும். தேனாகச் சேர வேண்டிய உழைப்பு தடுப்புச் சுவராகிறது. தேனடுக்கு இரண்டு வருடமாகக் காலியாகவே கிடக்கிறது என்ற புகாரில் பாதி இதனால்தான். மீதிப் பாதி, நகர்ந்துகொண்டே இருக்கும் கொத்து கதகதப்பான பக்கம் போய் உட்கார்ந்துகொள்வதால்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் வருந்த வேண்டாம். நடு அடுக்கை எடுத்துவிட்டு, கீழடுக்கும் மேலடுக்கும் மட்டும் வையுங்கள். 3.15 லிட்டர் வரும். உள்ளே 2 செ.மீ. தடிமனில் பலகைத் துண்டு செருகினால் இன்னும் குறையும். குடும்பம் நன்றாகப் பெருத்த பிறகு பலகையை எடுக்கலாம்.

சட்டம் வைத்த பெட்டி

இதைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. 1852-இல் அமெரிக்கரான லாங்ஸ்ட்ராத் காப்புரிமை வாங்கிய, மரச்சட்டங்களில் அடை தொங்கும் சட்டப்பெட்டியும், 1910-களில் திருச்சியில் பாதிரியார் நியூட்டன் நம் அடுக்குத் தேனீக்கென்று சுருக்கிச் செய்த பெட்டியும் ஒரே ஒரு பழக்கத்தை நம்பி நிற்கின்றன: அடைக்கும் அடைக்கும் நடுவில் நடமாட மட்டும் ஓர் இடைவெளியை விட்டுவைப்பது. தொங்கும் அடையே இல்லாத கொசுத்தேனீக்கு அந்தக் கணக்கு கிடையாது. சட்டத்தையும் சுவரையும் சேர்த்து அரக்கால் கட்டிப்போட்டுவிடும். சின்ன நியூட்டன் பெட்டி என்று யாராவது கொசுத்தேனீக்கு விற்றால், அதில் தபால் போட்டு வைக்கலாம்.

மூங்கில்

உள்விட்டம் 8 செ.மீ., கணுவுக்குக் கணு 40 செ.மீ. கிடைத்தால் கணக்கு கச்சிதமாக 2 லிட்டர். இரண்டு பக்கமும் கணு மூடியிருக்க வேண்டும். நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, ஒரு முனைக் கணுவில் 8 முதல் 10 மி.மீ. துளை போட்டு, இரு பாதியையும் மறுபடி பொருத்திக் கட்டுக்கம்பியால் மூன்று இடத்தில் முறுக்கினால் முடிந்தது. மெக்சிகோவின் யுகாத்தானில் மாயா மக்கள் மெலிபோனாவை வளர்த்த குடைந்த மரத்துண்டும் இதே உருவம்தான்: படுத்த உருளை, இருமுனை அடைப்பு. பொந்துக்குப் பழகிய பூச்சிக்கு உருளையைவிடப் பழக்கமான இடம் எது?

குறைகள் இரண்டு. பச்சை மூங்கிலைப் பிளந்து அப்படியே வைத்தால் மாவுச்சத்துக்கு உளு விழும். ஒரு மழைக்காலத்துக்குள் பொடி கொட்டும். வெட்டியதும் இரண்டு மூன்று வாரம் ஓடும் தண்ணீரிலோ தொட்டியிலோ அமிழ்த்திவிட்டு நிழலில் காயவைத்தால் பெருமளவு தப்பும். வெயிலில் காயவைத்தால் வெடிக்கும். இரண்டாவது, திறந்து பார்ப்பது கடினம். பிளந்த பாதிகள் வளைந்துவிடுவதால் ஒரு முறை திறந்ததை அதே பொருத்தத்தில் மூட முடியாது. இடுக்குக்குக் களிமண் பூச வேண்டிவரும். தேனுக்காக ஆண்டுக்கு ஒரே தடவை திறப்பவருக்கு இது குறையே அல்ல. வாரம் ஒரு தடவை எட்டிப்பார்க்கும் ஆவல்காரர்களுக்கு மூங்கில் ஆகாது.

மண்சட்டி, தேங்காய்ச் சிரட்டை

சட்டி வெயிலைத் தாங்குவதில் முதலிடம். இரண்டு லிட்டர் சட்டி, மேலே தட்டு, விளிம்பில் களிமண் பூச்சு, பக்கவாட்டில் ஒரு துளை. குடியிருப்புக்கு அருமை, அறுவடைக்குத் தொல்லை. வாய் குறுகலாக இருப்பதால் கத்தி உள்ளே போகாது; தேன் குடங்களும் மகரந்தக் குடங்களும் சேர்ந்தே பிய்ந்து வரும். வாயகன்ற கறிச்சட்டி என்றால் பரவாயில்லை. சிரட்டை தனியாக வீடாகாது, மிகச் சிறிது. ஆனால் பெட்டியோடு இணைத்து வைக்கும் துணைக் கலமாகச் சிரட்டையை மிஞ்ச எதுவுமில்லை. கண் துளையே வாசலாகிவிடும்.

நீளப்பெட்டி

கேரளத்தில் பரவலாகவும் கன்னியாகுமரிப் பக்கமும் புழங்குவது. உள்ளளவு 35 செ.மீ. நீளம், 7 அகலம், 8 உயரம். பெருக்கினால் 1960 கன செ.மீ. மூங்கில் பொந்தின் அதே கொள்ளளவு, ஆனால் திறந்து மூட வசதி. நீளமும் ஒடுக்கமும் இருப்பதால் கூடு தானாகவே பகுதி பிரிந்து அமைகிறது. பெரும்பாலும் கொத்து நடுவாக்கில், அதை ஒட்டி மகரந்தக் குடங்கள், கோடிகளில் தேன் குடங்கள். கோடியில் உள்ள தேனைக் கொத்தைத் தொடாமல் எடுத்துவிடலாம். மூன்றடுக்கால் தர முடியாத சுத்தமான தேனை இந்த எளிய பெட்டி தருவதன் ரகசியம் இதுதான்.

இதில் இரண்டு வடிவம் விற்கிறார்கள். வித்தியாசம் தெரியாமல் வாங்கினால் பிறகு சலிப்பீர்கள். ஒன்று, 4 செ.மீ. ஆழத்தில் இரண்டு சமபாதி, புத்தகம்போல் கீல் வைத்தது. இன்னொன்று, 6 செ.மீ. ஆழமான அடிப்பெட்டியும் 2 செ.மீ. மூடியும். சமபாதியில் கொத்து இரண்டு பாதியிலும் ஒட்டியிருக்கும். திறந்தாலே இரண்டாகப் பிரியும். குடும்பத்தைப் பெருக்க நினைப்பவருக்கு இது வசதி, ஏனென்றால் பாதிக்கு ஒரு காலிப் பாதி வைத்தால் போதும். கோட்டிலுள்ள அறைகள் இங்கேயும் கிழியத்தான் செய்யும்; ஆனால் அகலம் 7 செ.மீ. மட்டுமே என்பதால் சேதம் கொஞ்சம். தேன் மட்டும் வேண்டுமென்றால் மூடி வடிவம் வாங்குங்கள். கொத்து அடியிலேயே தங்கும். திறக்கும்போது மூடியில் ஒட்டிய சில குடங்கள் மட்டும் உடையும்.

மரம் அயனி, பலா, தேக்கு எதுவானாலும் சரி. தடிமன் 18 மி.மீ.க்குக் குறையக் கூடாது. உள்மாவட்டங்களின் சித்திரை வெயிலுக்கு 25 மி.மீ. வேண்டும். அடுக்குத் தேனீ தண்ணீர் சுமந்துவந்து தெளித்துக் கூட்டைக் குளிரவைக்கும். கொசுத்தேனீயிடம் அந்த வித்தை வலுவாக இல்லை. சிறகால் விசிறும், அவ்வளவே. மரப்பொந்தின் கனத்த சுவரை நம்பியே அது வாழ்ந்து வந்திருக்கிறது. 8 மி.மீ. பிளைவுட்டில் செய்து மலிவாக விற்கும் பெட்டியில் மதிய வெயில் பட்டால் அரக்கு இளகிக் குடங்கள் சரியும். தேன் புழுவறைமேல் ஊறினால் குடும்பம் ஒரே பிற்பகலில் போய்விடும். பிளைவுட் பசையின் நெடியும் கூடாது.

உள்பக்கம் வார்னிஷ், பெயின்ட், கரையான் எண்ணெய் எதுவும் இருக்கக் கூடாது. மூக்கை வைத்து முகர்ந்து பாருங்கள், பச்சை மர வாசனை மட்டும் வர வேண்டும். உட்புறம் இழைத்து வழவழப்பாக்கியிருந்தால் அதுவும் தேவையற்ற வேலை. சொரசொரப்பில்தான் அரக்கு பிடிக்கும். வெளியே மட்டும் லின்சீட் எண்ணெய் பூசலாம். மூடிக்கடியில் கண்ணாடித்தாளோ அக்ரிலிக்கோ வைத்து "உள்ளே பார்க்கலாம்" என்று கூடுதல் விலை கேட்பார்கள். வேடிக்கைக்கு நல்லது, பள்ளிக்கூடத்துக்கு இன்னும் நல்லது. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் பிளாஸ்டிக்கின் உள்பக்கம் நீர் கோத்துச் சொட்டும், மகரந்தக் குடத்தில் பூஞ்சணம் பிடிக்கும். வைத்தே ஆக வேண்டுமென்றால் தேன் கோடியில் மட்டும் வையுங்கள்.

மூலைப் பொருத்தத்தைச் சோதிக்க ஒரு வழி: பெட்டியை மூடி வாசல் துளையில் செல்போன் டார்ச்சை அடியுங்கள். இருட்டறையில் எந்த விளிம்பில் வெளிச்சக் கோடு தெரிகிறதோ அத்தனைக்கும் தேனீ பிசின் சுமக்கப் போகிறது. நூலிழை பரவாயில்லை. பென்சில் முனை போகிறதென்றால் எறும்பும் போகும்.

குடியேற்றும் குழாயும் கவர்ச்சிக் கரைசலும்

பெட்டியோடு சேர்த்து விற்கப்படும் இரண்டு துணைச் சரக்குகளில் ஒன்று நல்லது, மற்றொன்று அரைகுறை. இதைப் புரிந்துகொள்ள இந்தத் தேனீ குடிபெயரும் முறை தெரிய வேண்டும். அடுக்குத் தேனீயில் பழைய ராணி பாதிக் கூட்டத்தோடு பறந்துபோகும். கொசுத்தேனீ ராணி முட்டைச் சூலில் வயிறு பெருத்து 1 செ.மீ. வரை நீண்டு கிடப்பது, பறக்கவே முடியாது. அதனால் தாய் வீட்டிலேயே இருக்கும். புதுப் பொந்துக்குப் போவது கன்னி ராணி. அதற்கு முன்னால் பணித்தேனீக்கள் வாரக்கணக்கில் பழைய கூட்டிலிருந்து அரக்கும் தேனும் சுமந்து புது இடத்தை ஒழுங்குபண்ணும். மகள் வீட்டுக்குச் சீர் சுமக்கிற கதைதான்.

ஆகவே, பிசின் கரைத்த "கவர்ச்சிக் கரைசல்" பூசிய காலிப் பெட்டியை மொட்டைமாடியில் வைத்துவிட்டு எங்கிருந்தோ ஒரு கூட்டம் வந்து இறங்கும் என்று காத்திருப்பது வீண். சுமந்து போகிற தூரத்தில் வலுவான தாய்க்கூடு இருந்தால் மட்டுமே பலிக்கும். இருந்தால் கரைசலே தேவையில்லை. பழைய அரக்கை வாசல் துளையைச் சுற்றித் தேய்த்தாலே போதும்.

குழாய் நல்ல சரக்கு. சுவரை இடிக்க முடியாத இடத்தில் இருக்கும் கூட்டின் வாசலில் ஒரு குழாயைப் பொருத்தி அதன் மறுமுனையைக் காலிப் பெட்டிக்குள் விட்டு, பெட்டியின் இன்னொரு முனையில் வெளிவாசல் வைக்க வேண்டும். தேனீக்கள் பெட்டி வழியாகத்தான் போய்வர வேண்டிவரும். சில மாதத்தில் பெட்டிக்குள் குடங்கள் கட்டத் தொடங்கும். ராணி வராது, அதை எதிர்பார்க்காதீர்கள். வேறொரு குடும்பத்திலிருந்து ராணி அறை உள்ள கொத்துத் துண்டை வைத்து, பணித்தேனீக்கள் அதை ஏற்று உழைப்பது தெரிந்த பிறகே குழாயை அறுக்க வேண்டும். உள்விட்டம் 10 மி.மீ.க்குக் குறையாத குழாய் வாங்குங்கள். தெளிவான பிளாஸ்டிக்கானால் கறுப்புத் துணி சுற்றுங்கள், வெளிச்சம் பட்டால் வழியைக் குழப்பிக்கொள்ளும். பொருத்தும் இடத்தைச் சுற்றி எம்-சீல் போன்ற பசையைவிடக் களிமண் நல்லது.

பிரிப்பதும் மாற்றுவதும்

எந்தப் பெட்டி வாங்கினாலும் முதல் குடும்பத்தை நீங்கள்தான் மாற்ற வேண்டிவரும். சறுக்குவது பெரும்பாலும் நான்கு இடத்தில்.

கொத்தைத் தலைகீழாக்குவது முதலாவது. முட்டை கூழின்மேல் மிதந்து நிற்கிறது. கவிழ்த்தால் மூழ்கிச் சாகும். கரும்பழுப்பு இளம் அறைகளை எந்த நிலையில் எடுத்தீர்களோ அதே நிலையில் வைக்க வேண்டும். வெளிர்மஞ்சள் முதிர் அறைகளுக்குப் பட்டு உறை இருப்பதால் அவை கொஞ்சம் தாங்கும்; ஒரே கொத்தாகக் கையால் கிள்ளி எடுக்கலாம். இரண்டு நிறமும் இரண்டு பெட்டிக்கும் போக வேண்டும்.

அடுத்தது ராணி. தாய் ராணி எந்தப் பாதியில் இருக்கிறதோ அது பிழைக்கும். மற்றப் பாதியில் குறைந்தது ஒரு ராணி அறையாவது இருக்க வேண்டும். கொத்தின் விளிம்பில், சுற்றியுள்ள அறைகளைவிடப் பெருத்துத் தனித்துத் தெரியும், பார்த்ததும் பிடிபடும். அது இல்லையென்றால் அன்றைக்குப் பிரிக்காதீர்கள், மூடிவிட்டு அடுத்த மாதம் பாருங்கள்.

மூன்றாவது, உடைந்த குடங்களையும் உள்ளே வைப்பது. இரக்கப்பட்டு வைக்கும் இந்த உணவுதான் குடும்பத்தைக் கொல்கிறது. வடியும் தேனும் திறந்த மகரந்தமும் ஈ முட்டையிட அழைப்பு. உடையாத குடங்கள் மட்டும் போதும்; தேனை வேண்டுமானால் ஒரு மூடியில் பஞ்சு போட்டு இரண்டு நாள் கழித்து வையுங்கள்.

கடைசியாக வாசல். பழைய வாசல் குழாயை அரக்கோடு நறுக்கிப் புதுப் பெட்டியின் துளையில் ஒட்ட வேண்டும். வெளியே போன தேனீக்கள் இடத்தையும் அந்த வாசனையையும் வைத்துத்தான் திரும்பும். புதுப் பெட்டி பழைய இடத்திலேயே அதே உயரத்தில் நிற்க வேண்டும்.

தேன்

ஒரு நல்ல குடும்பத்திலிருந்து ஆண்டுக்குக் கால் கிலோ முதல் முக்கால் கிலோ வரை எதிர்பார்க்கலாம். பெட்டிக்கு இரண்டு கிலோ என்று விளம்பரம் செய்பவரிடம் பேரம்கூடப் பேசாதீர்கள். பூக்காலம் முடிந்து மழை தொடங்குமுன், சித்திரையை ஒட்டி ஒரே அறுவடை. குடங்களுக்குப் பின்னால் டார்ச் பிடித்தால் தேன் குடம் ஒளி விடும், மகரந்தக் குடம் இருண்டே இருக்கும். மகரந்தம் கலந்தால் சீக்கிரம் புளிக்கும். மூன்றில் ஒரு பங்காவது கூட்டிலேயே விட வேண்டும். இந்தத் தேனில் ஈரம் பொதுத் தேனுக்கான 20 விழுக்காட்டு வரம்பைத் தாண்டும். அதனால் இறுக மூடி வெளியில் வைத்தால் நுரைத்து மூடியைத் தள்ளும். கண்ணாடிக் குப்பியில் ஊற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள். புளிப்பே இதன் இயல்பு. மலேசியா, அங்கே கெலுலுட் எனப்படும் கொடுக்கில்லாத் தேனீயின் தேனுக்கென்று 2017-இல் தனித் தரநிலையே வகுத்துவிட்டது.

எங்கே மாட்டுவது

கிழக்குப் பார்த்த சுவர், தாழ்வார நிழல், தரையிலிருந்து இடுப்புயரம். மேசையில் வைப்பதைவிடக் கம்பியில் தொங்கவிடுவது நல்லது. கம்பியில் ஒரு சாண் நீளத்துக்குக் கிரீஸ் தடவிய துணி சுற்றினால் எறும்பு இறங்காது. கிரீஸில் தூசி படிந்து பாலமாகிவிடும், மாதம் ஒரு முறை மாற்ற வேண்டும். வாசலுக்கு நேரே டியூப்லைட் இருக்கக் கூடாது. பல்லி வாசலருகே நிலையாக உட்கார்ந்துவிட்டால் பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளித் தொங்கவிடுங்கள்.

வாங்குவதானால் ஆடி, ஆவணியில் வாங்கி, மூடியைத் திறந்து நிழலில் போட்டு வையுங்கள். மர நெடி போய், பலகை சுருங்க வேண்டியது சுருங்கட்டும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து பூ வரத் தொடங்கியதும் பிரிக்கலாம். அதற்குள் தச்சரிடம் கொடுத்து விளிம்பை ஒரு தடவை இழைத்துப் பொருத்திக்கொள்ள நேரமிருக்கும்.